குபேரன் கடனும் விளம்பரக் கதையும்

சாந்திபுரம், குப்பம் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே புழங்கும். மொழி எதுவானாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் திருமலைக் கதை ஒன்றுதான். பத்மாவதியை மணக்க ஸ்ரீநிவாசர் குபேரனிடம் கடன் வாங்கினார்; கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுவதாக வாக்குக் கொடுத்தார். "உண்டியல்ல நாம போடுற காசு அந்த வட்டிக்குத்தாண்டா" என்று பாட்டி முடிப்பாள். தெலுங்கு மக்கள் பெருமாளை 'வட்டி காசுலவாடு' என்றே அன்போடு அழைப்பதும் உண்டு.

இக்கதையின் அமைப்பைச் சற்று ஆராய்வோம். முதலாவது, தேவை. கடவுளே ஆனாலும் கல்யாணச் செலவுக்குக் கையில் காசில்லை. இரண்டாவது, வாக்கு. பிரமனும் சிவனும் அரசமரமும் சாட்சி நிற்கக் கடன் பத்திரம் எழுதப்பட்டது என்பர். மூன்றாவது, முடியாத முடிவு. கடன் இன்னும் தீரவில்லை. ஆகவே கேட்பவனுக்கும் கதையில் ஒரு வேலை இருக்கிறது.

இன்றைய வணிக எழுத்திலும் கதை சொல்கிறார்கள். நகைக்கடன், சீட்டு, வீட்டுமனை நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள். ஒரு ஊரில் ஒரு விவசாயி இருப்பார். மகளுக்குக் கல்யாணம் வரும். மூன்றாம் வரியில் கம்பெனி வந்து கைகொடுக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். வட்டி விகிதமோ அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் கிடக்கும். பழங்கதையிலிருந்து தேவையை மட்டும் எடுத்துக்கொண்டு வாக்கையும் வட்டியையும் விட்டுவிட்டார்கள். பாட்டி சொன்னதில் வட்டிதான் கதையே.

"விளம்பரத்துல அவ்வளவுக்கு இடமேதுங்க?" என்று கேட்கலாம். பாட்டிக்கு நாலு வாக்கியம் போதுமாக இருந்ததே! குபேரன் கதையும் காணிக்கை சேர்க்க உதவுகிற கதைதானே என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது கடனைக் கடன் என்றே சொல்கிறது. போடுகிற காசு எதற்கு என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. அதனால்தான் தலைமுறை தாண்டி நிற்கிறது. நோட்டீசுக் கதையை நம்பி நகையை வைத்தவன், மீட்கப் போகும் நாளில்தான் விட்டுப்போன பாதியைக் கேட்கிறான். அதன்பின் அந்தக் கம்பெனி சொல்லும் எந்தக் கதையையும் அவன் நம்புவதில்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று கம்பெனிகளுக்கு எழுதும் வேலையில் இருக்கிறார்கள். பாட்டி கதையைத் தாராளமாக எடுத்தாளட்டும். வட்டியையும் சேர்த்தே சொல்லட்டும்.