எல்எஸ், வேறு பாடாந்தரத்தில்

சாதாரண லினக்ஸ் டெர்மினலில் 'விச் எல்எஸ்' என்று தட்டினால், அந்தக் கட்டளை வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பாதை வரும். ஈமாக்ஸ் எடிட்டருக்குள் இருக்கும் ஈஷெல்லில் அதையே தட்டிப் பாருங்கள். பாதைக்குப் பதிலாக, எல்எஸ் என்பது இன்ன கோப்பில் உள்ள ஒரு லிஸ்ப் ஃபங்ஷன் என்று பதில் வரும். டைரக்டரியில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவர இந்த எடிட்டர் வெளியே ஆள் அனுப்புவதில்லை. தானே பார்த்துச் சொல்கிறது. சிபி, எம்வி, ஆர்எம், கேட் எல்லாம் அப்படித்தான்.

ஐம்பது வருஷமாகப் பலர் கைபட்டு மெருகேறிய கருவிகளை ஓர் எடிட்டருக்குள் மறுபடி எழுதுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நன்றாகத் தெரிந்த கீர்த்தனையை வேறு பாடாந்தரத்தில் கேட்கும்போது, பழகிய சங்கதி வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து விழுமே, அதற்காகவே கேட்கிற காதுகளும் உண்டு. ஈஷெல்லை நான் அப்படித்தான் ரசிக்கிறேன். அசலைப் போலவே நடக்கும் இடங்களை விட, அசலை விட்டு விலகும் இடங்களில்தான் அதன் அழகு இருக்கிறது.

எழுதியவர் ஜான் வீக்லி. 2001-இல் வெளியான ஈமாக்ஸ் 21-உடன் ஈஷெல் சேர்ந்தது. கட்டளை வரியில் கணக்கு எழுத உதவும் லெட்ஜரும் அவர் கைவேலைதான். 2015-இல் ஈமாக்ஸின் பராமரிப்புப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

எடிட்டரிலிருந்து ஷெல்லைக் கூப்பிடுவது ஒன்றும் புதிதல்ல. யுனிக்ஸின் ஆதி எடிட்டரான ஈடியிலேயே ஆச்சரியக்குறி போட்டுக் கட்டளை கொடுக்கலாம். விஐயில் ஒரு படி மேலே போய், எழுதிய வரிகளை வெளிக் கட்டளை ஒன்றுக்குள் விட்டு, வரிசைப்படுத்தியோ மாற்றியோ திரும்ப வாங்கலாம். ஈமாக்ஸிலும் வெளி ஷெல் ஒன்றைத் துணைப் ப்ராசஸாக ஓடவிடும் வசதி ஈஷெல்லுக்கு முன்பே இருந்தது. இவை எதிலும் எடிட்டருக்கும் கட்டளைக்கும் நடுவில் உள்ள சுவர் அப்படியே இருக்கும். எழுத்துகள் மட்டும் சுவரில் உள்ள துவாரம் வழியாகப் போய்வரும்.

சுவர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு சிடி நல்ல உதாரணம். பிடிபி-7 கணினியில் யுனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், டைரக்டரி மாற்றும் கட்டளையும் மற்றவற்றைப் போல ஒரு தனி நிரலாகவே இருந்தது. ஃபோர்க் வந்து, ஒவ்வொரு கட்டளையும் தனிக் குழந்தை ப்ராசஸில் ஓடத் தொடங்கியதும் அது திடீரென்று வேலை செய்யவில்லை. குழந்தை தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு அந்தக் கணமே முடிந்துபோனது. தாய் ஷெல் இருந்த இடத்திலேயே நின்றது. பிற்காலத்தில் யுனிக்ஸின் வளர்ச்சியைப் பற்றி எழுதியபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி இந்தத் திகைப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். அதனால்தான் எந்த ஷெல்லிலும் சிடி உள்ளேயே பிறந்த கட்டளை.

ஈஷெல்லில் எல்எஸ், சிபி போன்றவையும் உள்ளே பிறந்தவை என்பதால் சிடிக்குத் தனிச் சலுகை தேவையில்லை. ஈமாக்ஸில் ஒவ்வொரு பஃபரும் தன் டைரக்டரியை ஒரு மாறியில் வைத்திருக்கிறது. சிடி அந்த மாறியை மாற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டு ஈஷெல் பஃபர்களைத் திறந்தால் ஒன்று வீட்டு டைரக்டரியிலும் இன்னொன்று ப்ராஜெக்டிலும் இருக்கும்; ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. இதற்கு மேலும் ஒரு சுகம் உண்டு. அந்த மாறியில் இருப்பது வெறும் எழுத்துச் சரம். அதில் எஸ்எஸ்எச் வழியே எட்டக்கூடிய வேறொரு கணினியின் முகவரியையும் எழுதலாம். அப்படி சிடி செய்து, அடுத்து எல்எஸ் தட்டினால், எங்கோ இருக்கும் சர்வரின் லாக் கோப்புகள் பட்டியலாக வரும். அங்கிருந்து ஒரு கோப்பை இங்கே கொண்டுவர அதே சிபி போதும். தொலைவில் இருக்கிறோம் என்பது சிபிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கோப்பை நகலெடு என்று அது ஈமாக்ஸைக் கேட்கிறது. பாதையின் முன்னெழுத்துகளைப் பார்த்து யாரிடம் விடுவது என்று ஈமாக்ஸ் முடிவுசெய்கிறது.

யோசித்தால் இந்தக் கட்டளைகளில் பாதி, எடிட்டருக்குள் எப்போதோ இருந்தவைதான். கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் தெரிந்த எடிட்டருக்கு நகலெடுக்கவும் பெயர் மாற்றவும் அழிக்கவும் ஃபங்ஷன்கள் வேண்டும். வீக்லி அவற்றுக்கு யுனிக்ஸ் பெயர் சூட்டி, யுனிக்ஸ் நடத்தை பழக்கினார். சிபி, எம்வி, எல்என் மூன்றுக்கும் அடியில் ஒரே ஃபங்ஷன்தான் உழைக்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்பதை அதனிடம் கையில் கொடுத்துவிடுகிறார்கள்: நகலெடு, பெயர் மாற்று, இணைப்புப் போடு. டைரக்டரிக்குள் இறங்குவது, மேலெழுதலாமா என்று கேட்பது எல்லாம் மூன்றுக்கும் பொது.

எல்எஸ் அப்படி எளிதில் வசப்படவில்லை. பெயர்களைப் பெறுவது ஒரு வரி வேலை. அவற்றைத் திரையின் அகலத்துக்குள் பத்தி பத்தியாக அடுக்குவதில்தான் நிரல் நீள்கிறது. எத்தனை பத்தி கொள்ளும், ஒவ்வொரு பத்திக்கும் எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட்டாக வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் புரியும். 'கோப்பு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஆறு குறியீடு, திரையில் பிடிக்கும் இடம் இரண்டிலும் சேராது. பத்தி அடுக்கும் எவருக்கும் இது தலைவலி.

எனக்கு மிகப் பிடித்தது ஆர்எம். கோப்பின் பெயர் கொடுத்தால் கோப்பை அழிக்கும், அது எல்லோரும் அறிந்தது. ஈஷெல்லில் ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் பொருள் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈமாக்ஸின் எந்தப் பொருளும் ஆகலாம். அதனால் பஃபரைக் கொடுத்தால் ஆர்எம் பஃபரை மூடுகிறது. ப்ராசஸைக் கொடுத்தால் அதைக் கொல்கிறது. லிஸ்ப் குறியீட்டைக் கொடுத்தால் அதன் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுகிறது. 'நீக்கு' என்ற ஒரே வினை, தான் வாழும் உலகில் எவையெல்லாம் உண்டோ அவற்றின் மீதெல்லாம் செல்கிறது. எல்லாமே கோப்பு என்று யுனிக்ஸ் சொன்ன சித்தாந்தத்தின் மறுமுனை இது. கைதவறினால் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியீடும் அப்படியே. > போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பலாம், பஃபருக்குத் திருப்பலாம், லிஸ்ப் மாறிக்கும் திருப்பலாம். எக்கோ இரண்டு சொற்களைப் பெற்றால் அடைப்புக்குறியிட்ட லிஸ்ப் பட்டியலாகத் திருப்பித் தரும். புதிதாக வருபவர்கள் இதைப் பிழை என்று நினைப்பார்கள். + 1 2 என்று ப்ராம்ப்டில் தட்டினால் 3 வருகிறது. கூட்டலும் ஒரு ஃபங்ஷன்தானே. உங்கள் சொந்தக் கட்டளை வேண்டுமென்றால், ஈஷெல் என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, வேண்டிய பெயரோடு ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும். வேறு எங்கும் பதிவுசெய்ய வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. < போட்டுக் கோப்பிலிருந்து உள்ளீடு வாங்க முடியாது. டாப், லெஸ் போலத் திரை முழுதும் ஆளும் நிரல்கள் ஈஷெல்லுக்குள் ஓடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு டெர்மினல் பஃபர் திறக்கும். பைப்தான் பெரிய குறை. இரண்டு வெளி நிரல்களை | போட்டு இணைத்தால், ஒன்றின் வெளியீடு முழுவதும் ஈமாக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இன்னொன்றுக்குப் போகிறது. பெரிய லாக் கோப்பை அப்படி வடிகட்டினால் பொறுமை தீர்ந்துவிடும். ஈமாக்ஸ் 29-இல் | குறிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டால், அந்த வேலை முழுவதையும் வெளி ஷெல்லிடமே விட்டுவிடலாம். தனிக் கட்டளைக்கும் அதே வழிதான்: பெயருக்கு முன் நட்சத்திரம் போட்டால் வட்டில் உள்ள அசல் ஓடும்.

கேட்டுக்கு அந்த நட்சத்திரம்கூட வேண்டாம். சாதாரணக் கோப்பென்றால், ஈமாக்ஸ் கோப்பு படிக்கும் வழியிலேயே படித்துக் காட்டும். அதனால் ஜிஜிப்பால் சுருக்கிய கோப்பும் விரிந்தே வரும். ஆனால் பைப்பின் நடுவே தான் நிற்பது தெரிந்தாலோ, கொடுத்தது ஒரு சாதனக் கோப்பு என்று கண்டாலோ, அது எதையும் தொடாமல் வெளியே உள்ள பழைய கேட்டைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடும்.