கடைசிப் பக்கங்களின் அருமை

ஆய்வு நூல்களோடு பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவார்கள். சொல்லடைவு, பெயரடைவு, பாட்டு முதற்குறிப்பு, மேற்கோள் அகராதி என்று பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக இறங்கும் பக்கங்கள் அவை. தொடர்ந்து படிக்க யாரும் அவற்றை எடுப்பதில்லை. ஆனாலும் எழுதியவர் தம் பொருளை எவ்வளவு ஆண்டிருக்கிறார், படிப்பவரை எவ்வளவு மதித்திருக்கிறார் என்பதை அவற்றைப் போல வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. முன்னுரையில் எதையும் சொல்லிவிடலாம். அடைவில் சொல்வதற்குப் பக்க எண் வேண்டும். நல்ல அடைவு ஒரு தனிக் கலை என்பது என் எண்ணம். நல்ல உரைநடையை நின்று ரசிப்பதுபோல அதையும் ரசிக்கலாம்.

தமிழில் இந்தக் கலையைப் பயில உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைவிட நல்ல இடம் கிடையாது. சீவகசிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவர உழைத்த ஆண்டுகளில் அவரை மிகவும் அலைக்கழித்தவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்தான். உரை நடுவே ஒரு மேற்கோளை எடுத்துக் காட்டுவார். 'என்றார் பிறரும்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல், எந்த இடம் என்பது அவர் காலத்து மாணாக்கருக்குத் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெரிந்தவர் அரிதாகிவிட்டார்கள். ஏடு ஏடாகப் புரட்டி மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் போனபோதுதான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் ஐயருக்குள் ஊறின. 1887இல் சிந்தாமணி வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அடுத்தடுத்து வந்தன. தேடித் தேடிக் களைத்த ஒருவர், தமக்குப் பின்னால் வருகிறவர் அப்படிக் களைக்கக் கூடாது என்று செய்துவைத்த ஏற்பாடாகவே அந்தப் பதிப்புகளின் அகராதிகள் எனக்குத் தெரிகின்றன.

1937இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவர் வெளியிட்ட குறுந்தொகையில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். பதிப்பாசிரியரின் வேலை அதன் கீழேதான் தொடங்குகிறது. ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்கள் வரும். பிறகு பதவுரை. அடுத்து 'முடிபு': சிதறிக் கிடக்கும் சொற்களில் எது எதோடு சேர்ந்து வாக்கியம் முடிகிறது என்பது அதில் இருக்கும். பின்பு 'கருத்து', சுருக்கமாக. பின்பு விசேடவுரை. இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலே நிறைவான பதிப்புதான். அதற்கும் கீழே 'மேற்கோளாட்சி', 'ஒப்புமைப் பகுதி' என்று இரண்டு சிறு தலைப்புகள் இருக்கும். பாட்டின் இந்த அடியை இந்த உரையாசிரியர் இந்தச் சூத்திரத்தின் உரையில் எடுத்தாண்டார் என்று முன்னது சொல்லும். இதே சொல்லாட்சி, இதே உவமை வேறு எந்த நூலில் எத்தனையாம் அடியில் வருகிறது என்று பின்னது சொல்லும். ஆறடிப் பாட்டு ஒன்று நூற்றாண்டு நூற்றாண்டாக யார் யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற வரலாறு சில வரிகளில் அடங்கிவிடுகிறது. இன்று பல்கலைக்கழகங்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எத்தனை முறை மேற்கோளானது என்று எண்ணிக்கை பார்க்கின்றன. எங்கே, எதற்காக மேற்கோளானது என்று காட்டும் ஐயரின் முறை அதைவிட நுட்பமானது.

அவர் பதிப்பில் காணும் 'விளங்கா மேற்கோளகராதி' என்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எந்த நூலிலிருந்து வந்தது என்று தம்மால் கண்டுபிடிக்க முடியாத மேற்கோள்களை மறைக்காமல், அகர வரிசையில் அடுக்கி, அடுத்து வருகிறவர் கையில் கொடுத்திருக்கிறார். அறியாததற்கும் ஓர் அகராதி செய்யும் மனம் பெரிய மனம். இப்படி உரைகளுக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் சிதறிய பாடல்களையும் நூற்பெயர்களையும் பொறுக்கித் திரட்டித்தான் மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற புத்தகத்தைத் தந்தார். இல்லாத நூல்களுக்கு ஒரு நூலகப் பட்டியல் அது.

ஐயரின் அகராதிகள் ஒரு நூலுக்குள் வழிகாட்டுபவை. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இலும், திருத்திய பதிப்பாக 1984இலும் வெளியான திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி ஒரு மொழிக் குடும்பம் முழுவதற்கும் அந்த வேலையைச் செய்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றிலும் மொழிகள் ஒரே வரிசையில் நிற்கும். தமிழ் முதலில், மலையாளம், நீலகிரியின் கோத்தமும் தொதவமும், கன்னடம், துளு, தெலுங்கு என்று வடக்கே நகர்ந்து, குருக், மால்தோ கடந்து, பலூசிஸ்தானத்துப் பிராகூயியில் வரிசை முடியும். 'கண்' என்ற பதிவை எடுத்தால் நம் வீட்டுச் சொல்லில் தொடங்கி, தொண்டையில் உரசி ஒலிக்கும் பிராகூயியின் 'கன்' வரை ஒரே பத்தியில் போய்ச் சேரலாம். விளக்கமாக ஒரு வாக்கியம்கூட இருக்காது, அடுக்கிய முறையே விளக்கமாகிவிடும். புத்தகத்தின் பின்பகுதியில் ஒவ்வொரு மொழிக்கும் தனி அடைவு, ஆங்கிலப் பொருளுக்கு ஓர் அடைவு, செடிகொடிகளின் இலத்தீன் பெயர்களுக்கு ஓர் அடைவு. குருக் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தக் கதவு வழியாகவே உள்ளே வந்து தமிழ்ச் சொல்லைக் கண்டுகொள்ளலாம். அடைவுகளை நீக்கிவிட்டால் தமிழறிந்தவர்கள் மட்டும் புழங்கும் புத்தகமாக அது சுருங்கிவிடும்.

அடைவே முழுப் புத்தகமாக அமைந்த ஒன்றும் உண்டு. இந்த வகையில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுய் மூவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து, 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். வெறும் பெயர்ப்பட்டியலில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரி ஒருவரின் பெயரை எடுத்துக்கொள்வோம்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். முதலில் நிற்பது அவர் உரிமை கொண்டாடிய நாடு. அடுத்து தந்தை பெயர், பிறகு தன் பெயர், கடைசியில் அரசன் தந்த பட்டம். ஒரு மனிதரின் ஊர், குடும்பம், பதவி மூன்றும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. இத்தகைய பெயர்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எந்தப் பகுதி, எந்தக் காலம் என்று வகைப்படுத்தினால் என்ன ஆகும்?

சோழர் காலத்தை அவர்கள் நான்கு கூறாகப் பிரித்தார்கள்: 849 முதல் 985 வரை, 985 முதல் 1070 வரை, 1070 முதல் 1178 வரை, 1178 முதல் 1279 வரை. 'உடையான்', 'மூவேந்தவேளான்', 'பல்லவரையன்', 'பிரம்மராயன்' போன்ற பட்டங்கள் எந்தக் கூறில் பெருகுகின்றன, எந்தப் பகுதியில் தேய்கின்றன என்பது பட்டியலிலிருந்தே எழுந்து வந்தது. கீழ்க்காவிரிப் பகுதியில் பிற்காலச் சோழர் காலத்தில் நிலம் தனியார் கையில் சேர்ந்ததையும், பெரிய நிலவுடைமையாளர்கள் தலையெடுத்ததையும் கராஷிமா நிறுவியதற்கு இந்தப் பெயராய்வு ஒரு முக்கியமான தூண். ஊர் நிலமெல்லாம் ஊராருக்குப் பொது என்று எல்லாக் காலத்துக்கும் ஒரே சித்திரம் தீட்டிய பழைய வரலாறு அதற்குப் பிறகு அப்படியே நிற்க முடியவில்லை. கல்வெட்டுகளோ முன்பே அச்சில் இருந்தவை. பார்வையை மாற்றியது அடுக்கிய முறைதான்.

படிக்கவே முடியாத எழுத்துக்கும் அடைவு செய்தவர் ஐராவதம் மகாதேவன். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய சிந்துவெளி எழுத்துத் தொகுப்பில் 417 குறிகள் இடம்பெற்றன. ஒவ்வொரு குறியும் எங்கெங்கே, எந்தக் குறிக்கு முன்னும் பின்னும் வருகிறது என்பது கணினியின் துணையோடு வரிசைப்படுத்தப்பட்டது. ஹெல்சிங்கியில் அஸ்கோ பர்போலாவும் அவருடைய குழுவினரும் இதே வேலையைத் தங்கள் வழியில் செய்தார்கள். குறிகளின் பொருளைப் பற்றி இருவரும் எங்கே எப்படி மாறுபட்டாலும், அவர்களை மறுக்க வருகிறவர்களும் அவர்களுடைய அடைவுகளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிவுகள் பழசாகும், ஒழுங்காகச் செய்த அடைவு அவ்வளவு எளிதில் பழசாவதில்லை.

தமிழ் அடைவில் கவனம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். நம் அகராதி மரபில் புள்ளி எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் நிற்கும். அதனால் 'அக்கம்' முதலில், 'அகம்' பிறகு. வல்லின மெல்லின இடையினம் முடிந்து, ற, ன இரண்டும் கடைசியில் வரும். அதனால் 'பயிர்' முதலில், 'பனை' பிறகு. சொற்களைக் கணினியில் கொட்டி, ஒருங்குறி எண்களின் வரிசைப்படி அப்படியே அடுக்கவிட்டால் இரண்டுமே தலைகீழாகிவிடும். ஒருங்குறியில் ன எழுத்து ந எழுத்தை அடுத்தே இருக்கிறது; புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. பனை பயிருக்கு முன்னால் நிற்கும் அடைவை மனிதர் யாரும் கண்கொண்டு பார்க்கவில்லை என்று பொருள்.

எல்லாமே மின்நூலாகிவிட்டது, தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டினால் வந்துவிடாதா என்று கேட்கிறார்கள். தட்டிய சொல் வரும். 'யானை' என்று தட்டினால் களிறும் வேழமும் பிடியும் வராது. சந்தியில் உருமாறி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்ட சொல் வராது. பாரியைப் பெயர் சொல்லாமல் பறம்பின் தலைவன் என்று மட்டும் குறிக்கும் இடமும் வராது. இவையெல்லாம் ஒன்று என்று முடிவு செய்ய, நூலை முழுவதும் படித்த ஒரு மனம் வேண்டும். பெயரை வெறுமனே உதிர்த்துவிட்டுப் போகும் பக்கத்தை விட்டுவிட்டு, உண்மையிலேயே அவரைப் பற்றிப் பேசும் பக்கத்தை மட்டும் எடுக்கத் தெரிவதும் அந்த மனத்துக்குத்தான்.

இவ்வளவு செழித்த மரபில் வந்த நாம், இன்று வரும் தமிழ் ஆய்வு நூல்களில் பெரும்பாலானவற்றை அடைவே இல்லாமல் வெளியிடுகிறோம். காரணம் தெரிந்ததுதான். பக்க வடிவமைப்பு முடிந்து எண்கள் உறுதியான பிறகே அடைவைத் தொடங்க முடியும். அப்போது எழுத்தாளர் களைத்திருப்பார். ஜனவரிப் புத்தகக் காட்சி நெருங்கியிருக்கும். இன்னும் ஒரு பாரம் கூடினால் விலை ஏறுமே என்று பதிப்பாளர் தயங்குவார். மெய்ப்புத் திருத்துபவருக்கு ஊதியம் கொடுப்பதுபோல அடைவு செய்பவருக்கும் ஊதியம் கொடுத்து, அவர் பெயரையும் அச்சிடும் வழக்கம் வந்தால் இந்தத் தயக்கம் தீரும்.

இதழ்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்' முதல், நா. வானமாமலை 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கிய 'ஆராய்ச்சி' வரை, நம் சமூகத்தைப் பற்றிய அரிய கட்டுரைகள் இதழ்களில்தான் முதலில் வந்தன. நூலாகாத இதழ்க் கட்டுரைக்கு அடைவு ஒன்றுதான் முகவரி. இப்போது ஆய்விதழ் நடத்துகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது சிறிய காரியம். ஆண்டின் கடைசி இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி, அந்த ஆண்டின் கட்டுரைகளை ஆசிரியர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் அடுக்கித் தாருங்கள். வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஆய்வு நூல் வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அடைவு இருந்தால் செய்தவரைப் பாராட்டிப் பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்; இல்லையென்றால் அடுத்த பதிப்பிலாவது சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.