சிறப்புப்பாயிரமும் நூல் வெளியீட்டு விழாவும்

புலவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் துணிபு. எனினும் அவர் நான்கு இடங்களில் அதற்கு விலக்களித்தார். அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வாதம் புரிந்து வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த காலையும் புலவன் தன் பெருமையைத் தானே கூறலாம். இந்நான்கனுள் இரண்டாவது, இக்கால ஈழத்து நூலாசிரியனுக்கென்றே இயற்றப்பட்டது போலும்! கைப்பொருளைச் செலவிட்டு முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிட்டு, அவற்றை வீட்டு அறையில் அடுக்கி வைத்துவிட்டு, தன்னை உணராதார் நடுவில் நிற்பவன் அவனன்றோ?

ஆதலின் நூலுக்கு விளம்பரம் தேடுதல் இழிவன்று. எவ்வாறு தேடுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழையோர் இதற்குக் கண்ட கருவி சிறப்புப்பாயிரம். அதனை ஆசிரியனே பாடலாகாது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், தகுதிவாய்ந்த உரையாசிரியர் ஆகிய நால்வருள் ஒருவரே பாடுதல் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனையும் அது உணர்த்தல் வேண்டும். காலம், களம், காரணம் என்பவற்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இப்பட்டியலில் ஆசிரியனைப் பற்றியது அவன் பெயர் ஒன்றே. எஞ்சியவை யாவும் நூலைப் பற்றியவை. பாடுவோர் நால்வரும் நூலாசிரியனின் கல்வியை அருகிருந்து அறிந்தவர்கள். இன்றைய அணிந்துரைகளோ பெரும்பாலும் இதற்கு மறுதலையானவை. எழுதுபவர் பதவியால் உயர்ந்தவர். எழுதப்படுவது ஆசிரியரின் குடும்பப் பெருமை, பணிவு, விடாமுயற்சி. நூல் நுதலிய பொருள் இறுதிப் பத்தியிற் போகிற போக்கில் தலைகாட்டும்.

பதினொன்றனுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவையாம். கச்சியப்பர் காஞ்சிக் குமரகோட்டத்திற் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கிய பொழுது, முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே விதி எங்கேயென ஒருவர் தடை எழுப்பினாரென்றும், பின்னர் வீரசோழியத்தில் விதி காட்டப்பட்டதென்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. அது நிகழ்ந்ததோ புனைந்ததோ, அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. அந்நூலை ஒரு முறையும் படித்தறியாதவரும் அத்தடையை அறிந்திருக்கின்றனர். நூலின் புகழைப் பரப்பியதில் வாழ்த்தினாரைவிட வினாவினாரின் பங்கே பெரிதெனலாம்.

அண்மைக் காலத்தில் இம்மரபு முழுமையுற விளங்கியது நம் காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூலிலேயே. பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனான அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட, 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அஃது அரங்கேறியது. அறிஞர் பலர் கூடிய அவ்வவையிலே, அடிகளின் ஆராய்ச்சி வழி அமைக்கப்பெற்ற யாழ் இசைக்கப்பட்டது. நூல் கூறும் பொருளைக் கேட்போர் செவி நேரே நுகர்ந்தது. அந்நூலுக்கு அதனினும் சிறந்த விளம்பரம் எது? அடுத்த மாதம் 19ஆந் தேதி அடிகள் மறைந்தார். தம் நூலைத் தாமே எடுத்துச் சென்று பரப்பும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததில்லை. அவ்விரு நாள் அவையே நூலின் பெயரை நிலைநிறுத்தியது.

இனி, நம் பகுதியில் நிகழும் வெளியீட்டு விழாவை நோக்குவாம். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், நயவுரை, ஏற்புரை என நிரல் நீளும். பெயர் அழைக்கப்பட்டவர் மேடையேறிக் கடித உறையை நீட்டிப் பிரதியைப் பெற்று, நிழற்படத்துக்கு நின்று இறங்குவார். அச்சுக்கூலியில் ஒரு பங்கு மீள்கிறது. அதனை யான் குறைகூறேன். வேறு வழியற்ற எழுத்தாளனுக்கு அது பேருதவி. ஆனால் அது கலியாண வீட்டு மொய்யை ஒத்தது. கொடுத்தவர் உறவைப் பேணினார். நூலை வாங்கினாரென்பது ஐயம். விழாவொன்றிலே அறுவர் பேசக் கேட்டேன். அது கவிதைத் தொகுதி. ஒருவரேனும் அதிலிருந்து ஒரு கவிதையை முழுமையாகப் படித்துக் காட்டினாரல்லர்!

பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். 1975 சனவரியில் அவர் மறைந்த பொழுது அவர் பெயரில் ஒரு தொகுதியேனும் வெளிவந்திருக்கவில்லை. ‘வழி’ 1976இலும் ‘வேளாண்மை’ 1982இலும் வந்தவை. எனினும் வாழ்ந்த காலத்திலேயே அவர் பெயர் ஈழமெங்கும் தெரிந்திருந்தது. பத்திரிகைகளும் கவியரங்குகளுமே காரணம். கவியரங்கில் கவிஞன் தன் கவிதையை விற்பதில்லை, சொல்கிறான். நூலின்றியே புகழுண்டாகியது அங்ஙனம். புகழின்றி நூல்கள் குவிவது இன்றைய நிலை.

விற்பனைக்கும் பழைய வழியொன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கையில், அன்பர்களிடம் முன்னரே கையொப்பம் வாங்கிப் பொருளுக்கு வழி தேடினார். விழாவுக்கு அழைக்கு முன்னர் வாசகரைத் தேடிய முறை அது. இன்று முகநூலிலே அட்டைப்படத்தை மட்டும் இட்டு வாழ்த்துகளை எண்ணுகின்றோம். அதே இடத்தில் நூலின் ஓர் அத்தியாயத்தை இட்டு, வேண்டுவோர் பெயரைப் பதியச் செய்தால், எத்துணைப் பிரதி அச்சிடுவதென்பதாவது தெளிவாகும்.

பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் விழாக் காலத்திற் பாரதக் கதை கேட்டு வளர்ந்த முதியோர் பலர் பாரதநூலைக் கையால் தொட்டதில்லை. ஆயினும் வனவாசத்தை நேரிற் கண்டவர்போற் கூறுவர். படித்துக்காட்டலின் வலிமை அத்தகையது. ஆதலின் வெளியீட்டு விழாவைக் கைவிட வேண்டுவதில்லை. வாழ்த்துரைகளுள் நான்கை நீக்கி, அந்நேரத்தை நூலுக்கு வழங்கினாற் போதும். உரத்த குரலுடைய மாணவர் இருவர் சில பக்கங்களைப் படிக்கட்டும். குறை காணும் ஆற்றலுடைய ஒருவருக்கு ஒரு திங்கள் முன்னரே பிரதி கொடுத்து, அவர் மேடையில் வினாவ, ஆசிரியர் விடை கூறட்டும். ஏற்புரையென்பது நன்றி கூறும் பட்டியலாகச் சுருங்காது, அவ்விடைக்குரிய இடமாகட்டும். விழாவின் மறுநாள் நூலகம் எண்ணிம நூலகத்துக்கும், ஈழத்து நூல்களைத் தொகுத்துப் பதியும் நூல்தேட்டத்துக்கும், அயலிலுள்ள பாடசாலை நூலகங்களுக்கும் பிரதிகள் செல்லட்டும். கண்டனம் எழுதுவாரென்று அஞ்சி ஒதுக்கிய விமர்சகருக்கே முதலில் ஒரு பிரதி அஞ்சலில் அனுப்பப்படட்டும்.