பாட்டு எப்ப தொடங்கும்? – ‘ஹவ் டு நேம் இட்?’ குறித்து

“டீச்சர், பாட்டு எப்ப தொடங்கும்?”

பாகான் டத்தோவில் என் ஐந்தாம் படிவ மாணவன் கேட்டது இது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஒலிக்கத் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. அவன் கேட்டதில் தப்பில்லை. இளையராஜா என்றாலே நமக்குப் பாட்டுவரிதான் நினைவுக்கு வரும். 1986இல் வெளிவந்த இந்தத் தொகுப்பிலோ வரிகளும் இல்லை, படக்கதையும் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது இது. பாக் 1750இல் மறைந்தார். தியாகராஜர் பிறந்தது 1767இல். சந்திக்கவே முடியாத இருவரை இளையராஜா ஒரே அறையில் உட்கார வைக்கிறார்.

அறை என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பகுதிக்கு அவர் வைத்த பெயரே ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’. மேற்கில் சேம்பர் இசை என்றால் சில பேர் மட்டும் கூடி, ஆளுக்கொரு தனி வரியை வாசிப்பது. புல்லாங்குழல், செல்லோ, பியானோ என மூன்று கருவிகளே போதும். ஒன்று பேசும், மற்றொன்று பதில் சொல்லும், சில நேரம் மறுத்தும் பேசும். நம் கச்சேரியில் வயலின் பாடகரை நிழலாகத் தொடரும். இங்கே நிழலே எழுந்து நின்று பேசுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கர்நாடக இசையில் கமகம்தான் உயிர். சுரம் அசைந்தால்தான் ராகம் தெரியும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்திய முறையிலோ ஒவ்வொரு சுரமும் ஆடாமல் நிற்க வேண்டும். தொகுப்பு முழுவதும் இந்த இழுபறிதான். வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’தான் எனக்கு ஆகச் சிறந்தது. தனி வயலினுக்காகப் பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு இதில் ஓட, இளையராஜாவின் இசை அதோடு உரையாடுகிறது. அடுத்த பகுதியின் பெயர் ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புவோமா?

‘டோன்ட் கம்பேர்’ என்ற தலைப்பில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மரபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒப்பிடாதே என்றால் எப்படி?

மாணவர்களே, திறனாய்வு எழுதும்போது ‘இனிமையாக உள்ளது, மனத்தைத் தொடுகிறது’ என்று தொடங்காதீர்கள். எந்த இசைக்கும் அதை எழுதலாம். எந்தக் கருவி முதலில் வந்தது, எது பதில் சொன்னது, எங்கே இரண்டும் மோதின என்று எழுதுங்கள். மேலே கேள்வி கேட்ட மாணவன், பாக் வரும் பகுதியை இரண்டாம் முறை கேட்டபின் சொன்னான்: “ஒருத்தர் மூச்சே விடாம பேசுறாரு டீச்சர். இன்னொருத்தர் அவரை நிறுத்தச் சொல்லாம, கூடவே பேசுறாரு.”

அதையே முதல் வரியாக எழுதச் சொன்னேன்.