'இல்லை' என்று சொல்லத் தெரியாத வண்டிகள்

இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் இப்போது கம்பியில்லா வண்டிகளின் காலம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் உடல். அதற்குள் சக்கரச் சுழற்சியை எண்ணி இடத்தைச் சொல்லும் கருவி, விசை உணரி, முடுக்கமானி, புளூடூத். அமெரிக்காவின் பாஸ்கோ, வெர்னியர் நிறுவனங்கள் விற்கும் இந்த வண்டியை அலுமினியத் தடத்தில் வைத்துத் தள்ளினால் போதும், மடிக்கணினியில் வரைபடம் தானாக விரிகிறது. இரண்டு வண்டிகளை மோதவிட்டால், மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்த உந்தம் அட்டவணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் ஏறக்குறையச் சமம். உந்த அழிவின்மை விதி சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாணவர் அடுத்த வகுப்புக்குக் கிளம்பலாம்.

இதைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டு நியாயங்கள் சொல்கிறார்கள். கணக்குப் போடும் அலுப்பைக் கருவி ஏற்றுக்கொண்டதால் மாணவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது என்பது ஒன்று. ஏட்டில் படித்த விதியை அவர் கண்ணெதிரே பார்த்துத் தெளிகிறார் என்பது மற்றது. முதலாவதில் உண்மை உண்டு. இரண்டாவதில்தான் கோளாறு. அது புளூடூத்தோடு வந்த கோளாறும் அல்ல. மரப்பலகையில் சக்கர வண்டி ஓடிய காலத்திலிருந்தே கூடவே வருகிறது.

உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். போலராய்டு கேமரா தானாகக் குவியம் பிடிப்பதற்காக 1970-களின் இறுதியில் உருவான மீயொலி உணரியைக் கணினியோடு இணைத்து, நகரும் பொருளின் வரைபடத்தை அந்தக் கணமே திரையில் காட்டும் முறை 1980-களில் பரவியது. அந்த உணரியின் முன்னால் நடந்து பார்க்கும் மாணவருக்கு வேக வரைபடம் சட்டென்று பிடிபடுகிறது என்று ரொனால்டு தார்ன்டனும் டேவிட் சோகொலாஃபும் 1990-இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1987-இல், ஹெதர் பிராசெல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டிருந்தார்: அதே வரைபடத்தை 20-30 வினாடி தாமதித்துக் காட்டினால் பலனில் பெரும்பகுதி காணாமல் போகிறது. கண்ணும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கு அவ்வளவு மதிப்பு. டிக்கர் டைமரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். வினாடிக்கு 50 முறை துடிக்கும் சிறு சுத்தி கார்பன் வட்டத்தைத் தட்டி, வண்டி இழுத்துப்போகும் தாள்நாடாவில் புள்ளி வைக்கும். பத்துப் புள்ளிக்கு ஒரு துண்டாக நாடாவை வெட்டி வரிசையாக ஒட்டி வரைபடம் செய்ய வேண்டும். வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் வண்டி எப்படி ஓடியது என்பதே மறந்துபோகும்.

ஆக, வரைபடம் வாசிக்கக் கற்றுத்தர இந்த வண்டிகள் நல்ல சாதனம். இதில் வாதமில்லை.

ஆனால் இவை வாங்கப்படுவது அதற்காக மட்டும் அல்லவே. 'பரிசோதனை' என்ற பெயரில் அல்லவா வாங்கப்படுகின்றன! எம்.ஐ.டி-யின் ஜெரோல்டு சக்கரியாஸ் 1956-இல் பி.எஸ்.எஸ்.சி என்ற பாடத்திட்டக் குழுவைத் தொடங்கியபோதும், 1960-களில் இங்கிலாந்தில் எரிக் ராஜர்ஸ் வழிநடத்திய நஃபீல்டு இயற்பியல் வந்தபோதும், வண்டியும் நாடாவும் பள்ளிக்குள் நுழைந்தது ஒரே நோக்கத்தோடுதான்: மாணவர் விதியை மனப்பாடம் செய்யாமல், இயற்கையிடம் நேரடியாகக் கேள்வி கேட்டுப் பழகவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வண்டி இருக்கிறது, கேள்வியைக் காணோம். பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வண்டிப் பரிசோதனைக்கு 'இல்லை' என்று சொல்ல அனுமதியே கிடையாது. விடை முந்தைய வாரமே கரும்பலகையில் எழுதப்பட்டாயிற்று. வண்டி செய்யவேண்டியது தலையாட்டுவது மட்டும்.

பழைய பலகைத் தடத்தைப் பாருங்கள். உராய்வை ஈடுகட்டப் பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கவேண்டும். தட்டிவிட்ட வண்டி மாறா வேகத்தில் ஓடும்வரை தூக்கவேண்டும். பிறகு அதே பலகையில் வண்டியை ஓடவிட்டு, 'புறவிசை இல்லாதபோது பொருள் மாறா வேகத்தில் செல்கிறது' என்று எழுதவேண்டும். வண்டி மாறா வேகத்தில் செல்வதற்காகத்தானே பலகையைத் தூக்கினோம்? நியூட்டனின் முதல் விதியை ஏற்றுக்கொண்டு பலகையைச் சரிசெய்துவிட்டு, அந்தப் பலகையைக் கொண்டே முதல் விதியை நிறுவுகிற வட்டம் இது. புதிய அலுமினியத் தடத்தின் திருகுக்கால்களைத் திருகி மட்டம் பார்ப்பதும் இதே கதைதான். கருவியை அளவுதிருத்துவது எங்கும் உள்ள வழக்கம்தானே என்று கேட்கலாம். வழக்கம்தான். ஆனால் எதை அனுமானித்து எதைத் திருத்துகிறோம் என்று மாணவருக்குச் சொல்லும் செய்முறைக் கையேடு அபூர்வம்.

மோதலுக்கு வருவோம். அரைக் கிலோ வண்டி ஒன்று வினாடிக்கு 0.50 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் இன்னொரு அரைக் கிலோ வண்டியோடு வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்கிறது என்று வைப்போம். சேர்ந்து ஓடும் வேகம் 0.25 வரவேண்டும். தடத்தின் உராய்வு ஒவ்வொரு வினாடியும் வண்டியின் வேகத்தில் வினாடிக்கு 0.03 மீட்டரைக் குறைக்கிறது என்று கொண்டால், மோதி ஒரு வினாடி கழித்து அளக்கும் மாணவருக்குக் கிடைப்பது 0.22. உந்தத்தில் 12 விழுக்காடு காணவில்லை! தடம் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலே அந்த வேகம் வினாடிக்கு இன்னொரு 0.01 மீட்டர் கூடவோ குறையவோ செய்யும்.

இங்கேதான் இயற்பியல் தொடங்கவேண்டும். அந்தப் பன்னிரண்டு எங்கே போயிற்று? அரை வினாடியில் அளந்தால் ஆறாகுமா? வண்டியை எதிர்த்திசையில் ஓட்டினால் மாறுமா? மோதலே இல்லாமல் தனியாக ஓடவிட்டால் எவ்வளவு இழக்கிறது? இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் மாணவர் முடிவுரையில் ஒரு வரி எழுதுகிறார்: 'உராய்வாலும் மனிதப் பிழையாலும் சிறு வேறுபாடு ஏற்பட்டது.' ஆசிரியரும் டிக் போடுகிறார். மனிதர் தொடாத சென்சாரில் மனிதப் பிழை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு விழுக்காடு பெரிதா சிறிதா என்பதற்கும் அங்கே அளவுகோல் இல்லை. கருவியின் பிழைவரம்பு என்ன என்று தெரியாதபோது 2 விழுக்காடும் பெரிதாக இருக்கலாம், 20-ம் சிறிதாக இருக்கலாம்.

கருவி நவீனமானபோது இந்த நோய் குறையவில்லை, மறைந்துகொண்டது. மீயொலி உணரி நேரடியாக அளப்பது தூரத்தை மட்டும். வேகமும் முடுக்கமும் மென்பொருள் கணக்கிட்டுத் தருபவை. வினாடிக்கு 20 அளவு எடுத்தால் இரண்டு அளவுகளுக்கு நடுவே 50 மில்லிவினாடி. வளையச் சுருள் பொருத்திய வண்டிகளின் மோதல் முழுவதுமே அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடக்கூடும். வரைபடம் கரடுமுரடாகத் தெரியாமலிருக்க மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. சட்டென்று விழவேண்டிய வேகம் திரையில் மெல்லச் சரிகிறது. மோதல் கால் வினாடி நீடித்தது என்று மாணவர் நம்பிப் போகிறார். கோட்டின் வழுவழுப்பைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. நாடாவில் புள்ளி மங்கலாக விழுந்த காலத்திலாவது, சந்தேகப்பட ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது.

விடை தெரிந்த பரிசோதனை, நேர்மைக்கும் உலை வைக்கிறது. தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 980-க்குப் பக்கத்தில் வரவேண்டுமே என்று விடையிலிருந்து ரீடிங்குக்குப் பின்னோக்கி நடந்தவர்கள் நம்மூர் லேபில் ஏராளம். அந்தக் கலைக்கு ரெக்கார்டு நோட்டுகளே சாட்சி. இது நம்மூர்ச் சோம்பல் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடாஷா ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் மாணவர்களை உற்றுக் கவனித்தபோது அங்கும் இதேதான். ஆய்வுக்கூடம் என்பது பாடநூலை உறுதிசெய்யும் இடம் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்கள், ஒத்துவராத அளவை ஒதுக்குகிறார்கள். ஒத்துவரும்வரை கருவியை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். தரவு வேறு சொன்னாலும் விதி சரி என்றே முடிக்கிறார்கள். சோம்பேறிகள் அல்ல இவர்கள். கேட்டதைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மோதல் என்பது ஒரு காலத்தில் உயிருள்ள கேள்வி. சிறிய பொருள், தன்னைவிடப் பெரியதாகச் சும்மா நிற்கும் பொருளை மோதி அசைக்கவே முடியாது என்று தெகார்த் 1644-இல் எழுதிவைத்திருந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1668-இல் இந்தச் சிக்கலை எடுத்தபோது வாலிஸ், ரென், ஹைகென்ஸ் மூவரும் தனித்தனியே விதிகளை அனுப்பினார்கள். அந்த விதிகள் முழுக்கக் கடினமான, அல்லது முழுக்க மீட்சியுள்ள பொருள்களுக்கு மட்டும்தானா என்ற சந்தேகம் மிஞ்சியது. 1687-இல் வந்த 'பிரின்சிபியா'வின் தொடக்கத்திலேயே நியூட்டன் தாம் செய்த சோதனையை விவரிக்கிறார். பத்தடி நீள ஊசல்கள். முதலில் மோதலே இல்லை: ஊசலை ஓர் இடத்திலிருந்து விட்டு, போய்த் திரும்பி வரும்போது எவ்வளவு குறைகிறது என்று குறித்தார். காற்று தின்ற அந்தக் குறைவில் நாலில் ஒரு பங்கை ஓர் இறக்கத்தின் இழப்பாக எடுத்துக் கணக்கைத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் மோதவிட்டார். 8, 12, 16 அடி இறங்கி மோதியபோதும் தமக்கு ஏற்பட்ட பிழை மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை என்று வரம்பையும் சொன்னார். பிறகு பொருளை மாற்றினார். இறுக்கிக் கட்டிய கம்பளிப் பந்துகள் வந்த வேகத்தில் 5/9 பங்கில் விலகின. கண்ணாடிப் பந்துகள் 15/16 பங்கில். மென்மையான பொருளிலும் உந்தம் காக்கப்படுகிறது. விலகும் வேகம் மட்டும் பொருளைப் பொறுத்தது. நூலும் பந்தும் மட்டுமே வைத்திருந்த மனிதர் உராய்வைத் தனியே அளந்தார், பிழைக்கு வரம்பு சொன்னார், யாருக்கும் தெரியாத எண் இரண்டைக் கண்டுபிடித்தார். முடுக்கமானியும் புளூடூத்தும் உள்ள வகுப்பறையில் இந்த மூன்றில் ஒன்றாவது நடக்கிறதா?

நேரமில்லை, பாடத்திட்டம் முடியாது, தொடக்கநிலை மாணவர் முதலில் விதியை நம்பட்டும், சந்தேகம் பிறகு வரட்டும் என்பார்கள். நேரம் குறித்த வாதத்தை மதிக்கலாம். நம்பிக்கை குறித்த வாதம் நிற்காது. மூன்று கல்வி நிறுவனங்களின் ஒன்பது ஆய்வுக்கூடப் பாடங்களை எடுத்து, பாடத்தை உறுதிப்படுத்துவதற்கென்றே வடிவமைத்த செய்முறைகளால் மாணவரின் பாட அறிவு கூடுகிறதா என்று ஹோம்ஸ், கார்ல் வீமன் உள்ளிட்ட குழு 2017-இல் பார்த்தது. அளக்கத்தக்க பலன் எதுவும் இல்லை. வண்டிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல இது. ஆனால் வண்டிப் பரிசோதனை இந்த வகையின் அக்மார்க் மாதிரி என்பதால் அதற்கு மட்டும் விலக்கு கேட்பது கடினம். விதியை நம்பவைக்கவும் உதவவில்லை, சந்தேகிக்கவும் கற்றுத்தரவில்லை என்றால் அந்த இரண்டு மணி நேரம் எதற்கு? அறை ஒதுக்கியாயிற்று, கருவி வாங்கியாயிற்று என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது சிரமம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஹோம்ஸும் வீமனும் ஊசலில் செய்து காட்டியிருக்கிறார்கள். 10 பாகையிலிருந்தும் 20 பாகையிலிருந்தும் ஊசலை விட்டு அலைவுநேரத்தை ஒப்பிடச் சொன்னார்கள். இரண்டும் சமம் என்பது பாடநூல் பழக்கம். பொறுமையாகப் பல அலைவுகளை எண்ணி அளந்தால் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேலான வேறுபாடு தலைகாட்டும். அதைத் தவறு என்று தள்ளுவதா, திரும்ப அளப்பதா என்ற முடிவு மாணவர் கையில்.

வண்டிக்கும் இப்படிப்பட்ட கேள்வி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இன்றைய வண்டிகளின் முகப்பில் பெரும்பாலும் காந்தம். ஒன்றையொன்று தொடாமலே விலக்கிக்கொள்ளும். அதனால்தான் மீட்சி மோதல் அவ்வளவு அழகாக வருகிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காந்தம் தோற்று பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கில் இடிக்கும், இயக்க ஆற்றல் சட்டென்று குறையும். எந்த வேகத்தில் என்பது காந்தத்தையும் வண்டியின் நிறையையும் பொறுத்தது. வேகமாக மோதவிடாதீர்கள் என்று செய்முறைத் தாள்கள் எச்சரிப்பது இந்தச் சுவாரசியமான இடத்துக்கு மாணவர் போய்விடாமல் இருக்கத்தான் போலும்.

மதிப்பெண் திட்டத்தில் 'எதிர்பார்த்த மதிப்புக்கு 5 விழுக்காட்டுக்குள்' என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடலாம். அந்த இடத்தில், அதே தடம், அதே வண்டி, அதே இரண்டு மணி நேரத்துக்கு, 'வேகம் கூடினால் உங்கள் வளையச் சுருளின் மீட்சியளிப்புக் குணகம் (வந்த வேகத்தில் எத்தனை பங்கில் விலகுகிறது என்பது) மாறுகிறதா?' என்று கேட்டு வைக்கலாம். பக்கத்து மேசையின் விடை ஒத்துவராவிட்டால், யாருடைய தடம் சாய்ந்திருக்கிறது, யார் உராய்வைக் கழிக்க மறந்தார் என்று மாணவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள்.