கேட்டு எழுதியவர்

வேளாங்கண்ணியில் கண்நோய் தீர்ந்தவர்கள் வெள்ளித் தகட்டில் கண் செய்து காணிக்கை வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கு.ப. ராஜகோபாலன் (1902–1944) நினைவு வருகிறது. கும்பகோணத்துக்காரர். கண்புரையால் பார்வை மங்கி, அரசாங்க வேலையை விட்டவர். அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். பின்னர் அவரும் சிறுகதை எழுத்தாளரானார்.

எழுத்துப் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் உத்திகளைப் பட்டியல் போடுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பது எந்தப் பட்டியலிலும் அகப்படுவதில்லை. கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையில் தந்தி வந்த பிறகு அக்காளும் தம்பியும் ரயிலில் கழிக்கும் இரவுதான் விஷயம். கதையின் கனம் சொல்லாமல் விட்ட இடங்களில் இருக்கிறது. அச்சான பிரதியில் நமக்குக் கிடைப்பது விட்டது போக மிஞ்சியதுதான். பேனாவோடு அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பவருக்கோ வாக்கியம் தயங்குவதும் திரும்புவதும் கேட்கும். இதைவிட நல்ல பயிற்சி இருப்பதாக எனக்குப் படவில்லை.

ஆனால் சேது அம்மாளை அண்ணனின் கையாக மட்டும் நினைவில் வைத்திருப்பது விமர்சனத்தின் சோம்பல். கேட்டதில் எதை எடுத்துக்கொண்டார், எதை உதறினார் என்பதை அவர் கதைகளைப் படித்துத்தான் சொல்ல முடியும். படிப்போம்.