அரை நொடிக் காத்திருப்பு

போனைக் குறுக்கே திருப்பியதும் சில இணையப் பக்கங்கள் பாதி அகலத்திலேயே நின்றுவிடுகின்றன. திரை திரும்பிவிட்டது என்ற அறிவிப்பைச் சில பிரவுசர்கள் முந்திக்கொண்டு தந்துவிடுவதே காரணம். புதிய அகலமும் உயரமும் அதன்பிறகுதான் கணக்காகின்றன. அந்த இடைவெளியில் அகலத்தைக் கேட்டால், ஐபோன் 8 போன்ற கருவி 667 பிக்சல் என்று சொல்லாமல் பழைய 375-ஐயே சொல்லும்.

இதற்குப் பலரும் கையாளும் வழி, செட்டைம்அவுட் போட்டு 300 அல்லது 500 மில்லி நொடி கழித்து அளப்பது. ஒரே வரி, மிகப் பழைய பிரவுசரிலும் ஓடும். அவசரத்துக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 500 யாரும் அளந்து கண்ட எண் அல்ல. எழுதியவர் கையிலிருந்த போனுக்குச் சரிப்பட்டது, அவ்வளவுதான். வேகமான போனில் பக்கம் அரை நொடி கோணலாக நின்று பிறகு துள்ளுகிறது; திணறும் போனில் அதுவும் போதாமல் போகலாம்.

இதைவிடக் கேடானது, பக்கத்தைப் பெரிதாக்க விடாமல் தடுக்கும் மேக்சிமம்-ஸ்கேல்=1. திருப்பும்போது ஐபோன் பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிய பழுதுக்காக வந்த வரி இது. 2012-இல் ஐஓஎஸ் 6 அந்தப் பழுதைச் சரிசெய்துவிட்டது. வரி மட்டும் இன்னும் நகலெடுக்கப்படுகிறது. பார்வை மங்கியவர்கள் விரலால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை அது பறிக்கிறது. 2016-இல் ஐஓஎஸ் 10 சஃபாரி இத்தகைய தடையைப் பொருட்படுத்தாமல் விட்டது சரியான முடிவு.

அளவு மாறும்போது எழும் ரீசைஸ் நிகழ்வை நம்பலாமே என்றால், அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஆண்ட்ராய்டில் குரோம் 108-க்கு முன், விசைப்பலகை எழும்பினாலே உயரம் சுருங்கும். நிமிர்ந்திருக்கும் போனில் அகலம் உயரத்தை மிஞ்சிவிட, பக்கம் தன்னைக் குறுக்குவாட்டம் என்று எண்ணிப் படிவத்தை மீண்டும் வரையும். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெட்டி கைநழுவும். அகலம் மாறினால் மட்டும் செயல்படு என்ற ஒரு நிபந்தனை இதைப் பெரும்பாலும் தடுக்கும்.

உண்மையில் பெரும்பாலான பக்கங்களுக்கு இந்த எண்களே வேண்டாம். 2022 முதல் சஃபாரியிலும் குரோமிலும் திரையின் அப்போதைய உயரத்தைப் பின்தொடரும் டிவிஎச் அலகு இருக்கிறது. அகல உயரப் பொறுப்பை சிஎஸ்எஸ்ஸிடமே விட்டுவிடலாம். கேன்வாஸில் ஓடும் விளையாட்டுக்கு எண் தேவை. அங்கே ரீசைஸ்அப்சர்வர் கேன்வாஸ் பெட்டியையே கண்காணித்து, அளவு மாறிய பிறகே சொல்கிறது.

பழைய போன்களையும் விட்டுவிட முடியாதவர்கள், கண்ணை மூடிக் காத்திருக்காமல் ஒவ்வொரு ஃபிரேமிலும் அகலத்தைப் பார்த்து, மாறியதும் வரையலாம். அதற்கும் ஒரு நொடி வரம்பு வையுங்கள்: இடக் குறுக்கிலிருந்து வலக் குறுக்குக்கு நேராகத் திருப்பினால் அறிவிப்பு வரும், அகலம் மாறவே மாறாது.